மோட்டாருக்குச் சான்று இருக்கிறது, பம்புக்கு?

எரியும் கரைப்பான்கள் புழங்கும் ஆலைகளில் மோட்டார் 'ஃபிளேம்ப்ரூஃப்' வகைதானா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அதோடு பூட்டிய பம்பு எவ்வளவு சூடாகும் என்ற கேள்வி எளிதில் விடுபட்டுப்போகிறது. ஆவி பற்றிக்கொள்ளத் தீப்பொறிதான் வேண்டும் என்றில்லை. நன்றாகச் சூடேறிய இரும்புப் பரப்பே போதும்.

டைஎத்தில் ஈதர் ஆவி சுமார் 170 டிகிரி செல்சியஸில் தானாகப் பற்றும். பெட்ரோல் 280-ஐ ஒட்டி. விஸ்கோஸ் இழைத் தயாரிப்பில் பயன்படும் கார்பன் டைசல்பைடுதான் மிகக் கொடியது: 100 டிகிரியை ஒட்டியே, நீராவிக் குழாயின் சூட்டிலேயே பற்றிவிடும். இதற்காகவே கருவிகளை டி1 முதல் டி6 வரை வகுத்திருக்கிறார்கள். மேற்பரப்பு வெப்பம் டி1-க்கு 450, டி2-க்கு 300, டி3-க்கு 200, டி4-க்கு 135, டி5-க்கு 100, டி6-க்கு 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஈதர் ஓடும் இடத்தில் டி3 பம்பை வைப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவது.

பம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் சூட்டைப் பெரும்பாலும் உள்ளே ஓடும் திரவமே தீர்மானிக்கிறது. 150 டிகிரி எண்ணெயை இறைக்கும் பம்பு எப்படி டி4 ஆகும்? அதனால்தான் எந்த வெப்பநிலைத் திரவத்துக்கு எந்த வகுப்பு என்ற அட்டவணையைத் தயாரிப்பாளர்கள் கையேட்டில் தருகிறார்கள். அந்தக் கையேடு ஸ்டோர் ரூமில் கிடந்தால் யாருக்குப் பயன்?

வெளியேற்று வால்வை மூடிவைத்து ஓட்டினால் உள்ளே சிக்கிய திரவம் சுழன்று சுழன்று கொதிக்கும். திரவமே இல்லாமல் ஓடினால் மெக்கானிக்கல் சீல் சிறிது நேரத்திலேயே காய்ந்து தகிக்கும். கிரீஸ் கெட்ட பேரிங்கும் அப்படித்தான். இவற்றைத் தடுக்கவே லெவல் ஸ்விட்சும் வெப்ப சென்சாரும் பம்பை 'டிரிப்' ஆக்குகின்றன. உற்பத்தி நிற்கக் கூடாதென்று அந்த டிரிப்பை பைபாஸ் செய்யச் சொல்பவர், ஷிஃப்டில் இருக்கும் அத்தனை பேர் உயிரையும் பணயம் வைக்கிறார். இதை லேசாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

சுற்றுப்புற வெப்பத்தையும் கவனியுங்கள். பெயர்ப்பலகையில் வேறு அளவு குறிக்காவிட்டால் சான்று 40 டிகிரி வரைதான் செல்லும். வேலூர், ராணிப்பேட்டைக் கோடை அதைத் தாண்டும். சான்றிதழ் எண் 'எக்ஸ்' என்று முடிந்தால் தனி நிபந்தனைகள் உண்டு. கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேட்பதும், ஆபத்தைத் தெரிவிப்பதும் தொழிலாளராகிய உங்கள் உரிமை. போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலையில் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி, நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்றது அது. 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் புகாரைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பம்பின் எண், திரவத்தின் பெயர், பெயர்ப்பலகையில் உள்ள வகுப்பு, பைபாஸ் செய்த தேதி ஆகியவற்றைக் குறித்து, நகல் ஒன்றைக் கையில் வையுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளரும் இதைச் செய்யலாம். விபத்து நடந்துவிட்டால் இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு அதன் வழியாகவும், இல்லாதவர்களுக்கு தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின் வழியாகவும் ஈடு கிடைக்கும். அப்போது அந்த நகலே முதல் சாட்சியாக நிற்கும்.