பின்கதவைத் திறக்காதீர்கள்: பழைய கேமராவுக்குள் ஒரு தோட்டமே இருக்கலாம்

பழைய பிலிம் கேமராக்களுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துச் சலித்த இளையோர், 36 படங்களோடு முடிந்துவிடும் சுருளைத் தேடிப் போகிறார்கள். கடையில் புதிய சுருளின் விலையைக் கேட்டதும் பலருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. தாத்தாவின் பெட்டியிலோ மாமாவின் அலமாரியிலோ ஒரு யாஷிகா, ஒரு கோனிக்கா கிடக்கும். கூடவே காலாவதியான சுருள்கள் இரண்டு மூன்றும் கிடக்கும்.

கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டார வீடுகளில் இப்படி ஒரு கேமரா கிடைத்தால், மாணவர்களே, சற்றுப் பொறுங்கள். அதன் பின்கதவை உடனே திறந்துவிடாதீர்கள். உள்ளே கழுவப்படாத சுருள் ஒன்று இருக்கக்கூடும்.

தோட்டப்புறத்தில் சுருள் வாங்கவும் கழுவவும் பிரிண்ட் போடவும் தனித்தனியாகக் காசு வேண்டும். தீபாவளியில் போட்ட சுருள் கோயில் திருவிழாவில் தொடர்ந்து, யாராவது ஒருவர் கல்யாணத்தில்தான் முடியும். அதற்குள் வேலை மாறும், வீடு மாறும். கேமரா அப்படியே பெட்டிக்குள் போய்விடும்.

படத்தில் மட்டும் மிஞ்சும் இடங்கள்

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது இந்த வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். பின்னாளில் பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. நம் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் ஊருக்குப் பெயர்கூட பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மேரி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்ததை நாளிதழ் படிப்பவர்கள் அறிவார்கள்.

லயங்கள் உடைந்தால் மீண்டும் கட்டப்போவதில்லை. பெரட்டுக்களமும் ஆயாக்கொட்டகையும் அப்படித்தான். அவற்றைப் படம் எடுக்க வெளியிலிருந்து யாரும் பெரிதாக வந்ததில்லை. எடுத்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களே. ஆகவே பெட்டியில் கிடக்கும் சுருள், ஒரு தோட்டத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம்.

முதல் சோதனை

கேமராவின் இடப்பக்க மேல்முனையில், சுருளைத் திரும்பச் சுற்றும் சிறு கைப்பிடி இருக்கும். அதை மெதுவாக அம்புக்குறித் திசையில் திருப்புங்கள். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் உள்ளே சுருள் இல்லை. சற்றுத் திரும்பியதும் இறுகி நின்றால் சுருள் இருக்கிறது. அப்போது அடிப்பகுதியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, அதே கைப்பிடியை நிதானமாகச் சுற்றுங்கள். இறுக்கம் விட்டு, கைப்பிடி இலகுவாகச் சுழன்ற பிறகே கதவைத் திறக்க வேண்டும். தானாகச் சுற்றும் கேமராவாக இருந்தால், பின்புறச் சிறு கண்ணாடி வழியே சுருள் தெரிகிறதா என்று பாருங்கள். புதிய பேட்டரி போட்டு, அதற்கான பொத்தானை அழுத்தினால் சுருள் உள்ளே போய்விடும்.

கைப்பிடி அசையவே மறுத்தால் பலம் காட்டாதீர்கள், சுருள் கிழிந்துவிடும். கடைக்காரர்களிடம் ஒளி புகாத கறுப்புத் துணிப்பை உண்டு. அதற்குள் கைவிட்டு வெளியே எடுத்துத் தருவார்கள். தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாலும் பதற வேண்டாம். உடனே மூடுங்கள். வெளிச்சம் பட்ட மேல்சுற்றுகள் கெட்டாலும், இறுக்கமாகச் சுற்றிய உட்பகுதிப் படங்கள் தப்பக்கூடும்.

பழைய சுருளைக் கழுவும்போது

தனியாகக் கிடைக்கும் சுருளில் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பயன்படுத்தாதது. நுனி முழுதும் உள்ளே போயிருந்தால் படம் எடுத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உறையில் சி-41 என்று இருந்தால் அது வழக்கமான வண்ண நெகட்டிவ். கோலாலம்பூரில் இன்னும் கழுவித் தருகிறார்கள். கோடாக்குரோம் என்றிருந்தால் வண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அதைக் கழுவும் முறை 2010 இறுதியோடு நின்றுபோனது. கறுப்பு வெள்ளையில் உருவத்தை மட்டும் மீட்க முயலலாம். நிறங்கள் மிகவும் சிதைந்த மற்ற வண்ணச் சுருள்களுக்கும் இதே வழி சில வேளை கைகொடுக்கும்.

கடையில் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ஒன்று, சுருளின் வயது. இரண்டு, நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்பது. கைப்பேசிக்கு வரும் படம் ஒரு நகல்தான். மூலம் அந்த நெகட்டிவ்.

பலன் கிடைக்குமா என்று சந்தேகப்படுவோருக்கு ஓர் உதாரணம். 1897-இல் சுவீடன் நாட்டு சாலமன் ஆண்ட்ரே இரண்டு தோழர்களுடன் பலூனில் வட துருவம் நோக்கிப் பறந்தார். மூவரும் திரும்பவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1930-இல், ஒரு பனித்தீவில் அவர்களின் உடல்களோடு சுருள்களும் கிடைத்தன. அவற்றிலிருந்து 93 படங்களை மீட்டார்கள். அங்கே பனியே சுருளைக் காத்தது. நம் வீடுகளிலோ தகரக் கூரையின் வெப்பமும் காற்றின் ஈரமும் ஒவ்வொரு நாளும் படத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. அதனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாது.

கேமராவைச் சரிபார்த்தல்

சுருளை எடுத்த பிறகு கேமராவைக் கவனிக்கலாம். ஷட்டர் அசையவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மின்சாரத்தில் இயங்கும் பல மாதிரிகள் பேட்டரி இல்லாமல் வேலை செய்யாது. பேட்டரி அறையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். 1960, 70-களின் சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் ஒளிமானி தவறாகக் காட்டலாம். காது கேட்கும் கருவிக்கான துத்தநாகக் காற்று பேட்டரி அதற்கு நெருக்கமான மின்னழுத்தம் தரும்.

கதவோரத்துக் கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்துத் தார்போல ஒட்டினால் வெளிச்சம் கசியும். சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் பதிக்கலாம். லென்ஸைக் கைவிளக்கு ஒளியில் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. நம் நாட்டில் கேமராவுக்கு முதல் எதிரி அதுதான். தோலுறையில் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஷட்டருக்கு மட்டும் எண்ணெய் விடவே கூடாது.

காலாவதியான சுருளில் படம் எடுத்தல்

பயன்படுத்தாத பழைய சுருளுக்கு வெளிச்சம் அதிகம் தேவை. வண்ண நெகட்டிவ் என்றால், பத்து ஆண்டுக்கு ஒருமுறை வெளிச்சத்தை இரட்டிப்பாக்குவது பொதுவான கணக்கு. ஐ.எஸ்.ஓ. 400 சுருள் 20 ஆண்டு பழையதென்றால் கேமராவில் 100 என்று வையுங்கள். ஸ்லைடு சுருளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெளிச்சம் மிகுந்தால் படம் வெளுத்துவிடும். ஒளிமானி வேலை செய்யாவிட்டால், நல்ல வெயிலில் துளையை எஃப் 16-இல் வைத்து, சுருளின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். செம்பனை நிழலில் நின்றால் எஃப் 5.6 அல்லது 4 வரை திறக்க வேண்டியிருக்கும்.

மிச்சமுள்ள பழைய சுருள்களைக் காற்றுப்புகாத பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் சில மணி நேரம் விடுங்கள். இல்லையெனில் சுருளின் மேல் நீர் பூத்துவிடும். நிறம் மாறுவதும் புள்ளிகள் தெரிவதும் பழைய சுருளில் இயல்பு. அதை ரசிப்பதில் தவறில்லை. ஆனால், திரும்ப வராத நிகழ்ச்சிக்கு அதை மட்டுமே நம்பிப் போகாதீர்கள்.

பெயர் எழுதும் வேலை

கழுவிப் பெற்ற படத்தோடு வேலை முடிந்துவிடாது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்வடிவில் சேமித்திருக்கிறது. அதுபோல் நம் தோட்டத்துப் படங்களை நாமும் சேர்க்கலாம். பாட்டியின் அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டுங்கள். இது யார், எந்த லயம், எந்த ஆண்டுத் திருவிழா என்று கேட்டு, பிரிண்டின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். தமிழ்ப்பள்ளியின் வரலாற்றுக் கழகமோ முன்னாள் மாணவர் சங்கமோ இருந்தால் ஒரு நகல் கொடுங்கள். கழுவாத சுருள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தாலும் காத்திருக்கும். படத்தில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் அத்தனை காலம் நம்மோடு இருப்பார்களா?