கையில் கல்... பக்கத்தில் ஆள்... பறக்கும் தனிமை!

தனிமை மனசை மட்டுமா வாட்டும்? இதயநோய், பக்கவாதம், சர்க்கரைநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும் என்கிறது மருத்துவம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2018-ல் இதற்கென்றே ஓர் அமைச்சரை நியமித்த நாடு பிரிட்டன்.

அதே பிரிட்டனில், தனியாகவே செய்யவேண்டியிருக்கிற தொழில் ஒன்று உண்டு. சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், கல்மேல் கல் அடுக்கிச் சுவர் கட்டுவது! யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் மட்டும் 8,000 கி.மீ-க்கு மேல் இப்படிப்பட்ட சுவர்கள். மலைச்சரிவில் சரிந்து கிடப்பதை எடுத்துக் கட்டுபவர் பெரும்பாலும் ஒண்டி ஆள்தான். பேச்சுத் துணைக்கு மேயும் ஆடுகள்!

இவங்களுக்காக 1968-ல் ஒரு சங்கம் பிறந்தது. இன்று ஊருக்கு ஊர் கிளைகள், வார இறுதிப் பயிற்சிகள், தேர்வுகள். தொழில்காரர் பக்கத்திலேயே பொழுதுபோக்காகக் கற்க வந்தவரும் கல் எடுக்கலாம். போட்டியும் உண்டு. ஆளுக்கொரு துண்டு சுவர். பழசைப் பிரித்து, குறித்த நேரத்துக்குள் திரும்பக் கட்டணும்.

ஏன் பேச்சு வருது?

இந்தச் சுவருக்கு இரண்டு முகம். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நின்று கட்டுவாங்க. நடுவே சில்லுக்கல் நிரப்பணும். இரண்டு பக்கமும் சரிசமமா உயரணும். ஒருத்தர் மட்டும் அவசரப்பட்டால் நடக்காது. இரு முகத்தையும் கோத்துப் பிடிக்கிற நீளக் கல்லைத் தூக்க இரண்டு பேர் வேணும்.

‘மனசு சரியில்லை’ என்று நேருக்கு நேர் சொல்லக் கூசுகிற ஆண்கள் எத்தனை பேர்! கண்ணும் கையும் கல்லில் இருக்கும்போது அந்தக் கூச்சம் குறையும். வேலைப் பேச்சில் ஆரம்பித்து, வீட்டுப் பேச்சுக்கு வந்துவிடும்.

2018-ல் எட்டு ஐரோப்பிய நாடுகளின் இந்தக் கலையை யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. 2024-ல் அயர்லாந்து உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்தன.

கல் தூக்குறவங்க கவனத்துக்கு...

* இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்குங்க.

* கல் உடம்பை ஒட்டியே இருக்கட்டும்.

* கல்லை உடைக்கும்போது கண்ணாடியும் தூசு முகமூடியும் கட்டாயம்.

ரிட்டயரான அப்பா நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா? “நாலு பேரோட பழகுங்க” என்று சொன்னால் மட்டும் போதாது. தச்சோ, தோட்டமோ, நாலு பேரோடு சேர்ந்து செய்கிற ஒரு கைவேலையைக் காட்டுங்க. பழக்கம் தானா வரும்!