முதல் தூண்டில் ராடு வாங்கப் போறீங்களா? மீனை முடிவு பண்ணிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க!



மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசற இடத்துல தூண்டிலுக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? இருக்கு. வார நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்றவங்க ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில உட்கார ஆசைப்படறது தப்பே இல்ல. தப்பு எங்க நடக்குதுன்னா, ஒரு வீடியோ பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரியே ராடு ஆர்டர் போடறோம் பாருங்க, அங்கதான். நானும் அதே தப்பைத்தான் பண்ணேன். அதோட விலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன்.

என்னோட 12,325 ரூபாய் பாடம்

நாலு வருஷத்துக்கு முன்னாடி 6,500 ரூபாய்க்கு ஒரு கார்பன் ராடு, 5,500 ரூபாய்க்கு ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கினேன். மொத்தம் 12,000. ஆறு மாச 'நோ காஸ்ட் இ.எம்.ஐ'. வட்டியே இல்லைன்னு சந்தோஷப்பட்டேன்.

ஆனா நோ காஸ்ட்ல வட்டி காணாமப் போறதில்ல. பேங்க் வட்டி போடும், அதே அளவு தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா கொடுப்பார். அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. நம்ம தலையில. 12,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 15% வட்டின்னா ஆறு மாசத்துக்குச் சுமார் 500 ரூபாய். அதுக்கு ஜி.எஸ்.டி. 90. பிராசஸிங் கட்டணம் 199, அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்தா 235. ஆக 325 ரூபாய் கூடுதல்.

சரி, போகட்டும். திருவண்ணாமலை பக்கம் இருக்கற எங்க ஊர் ஏரிக்கு அந்த ராடைத் தூக்கிட்டுப் போனேன். மண்புழு, சின்ன முள், ஒரு தக்கை. வீசினா பத்தடி தாண்டல. ரீலுக்குள்ள நரம்பு சிக்கி, குருவிக்கூடு மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துல அப்பா ஒரு மூங்கில் கம்பை வெச்சுக்கிட்டு கெண்டையா தூக்கிப் போட்டுட்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னா மீனு புடிக்கப் போறேன்னு வாங்குன?"

பதில் இல்ல. நாலு ஞாயித்துக்கிழமை முயற்சி பண்ணிட்டு 5,500 ரூபாய்க்கு வித்துட்டேன். நஷ்டம் 6,825. ஒரு தடவைக்கு சுமார் 1,700 ரூபாய், மீன் பூஜ்ஜியம்!

ராடு மேல குற்றமே இல்ல. அது விரால் பிடிக்கறதுக்குன்னே செஞ்ச ராடு. நான் அதை வெச்சு மண்புழு போட்டேன். அவ்வளவுதான்.

ராடு மேல எழுதியிருக்கறதைப் படிக்கத் தெரியணும்

ஃபண்ட் வாங்கும்போது ஃபேக்ட் ஷீட் பார்க்கறோம் இல்லையா? ராடுக்கும் அது உண்டு. கைப்பிடிக்கு மேல சின்ன எழுத்துல அச்சடிச்சிருக்கும். நாலு விஷயம் பாருங்க.

• நீளம்: நீளம் கூடினா தூரமா வீசலாம், தக்கையைச் செடிக்கு அப்பால தூக்கி வைக்கலாம். குட்டையா இருந்தா, மரம் செடி அடர்ந்த கரையில நின்னு குறி பார்த்து வீசலாம்.

• பவர்: கம்பை வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கறது. அல்ட்ரா லைட், லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவின்னு ஏறிக்கிட்டே போகும்.

• ஆக்‌ஷன்: கம்பு எந்த இடத்துல வளையுதுங்கறது. ஃபாஸ்ட்னா நுனிப் பக்கம் மட்டும் வளையும். ஸ்லோன்னா கைப்பிடி வரைக்கும் வளையும்.

• எடை வரம்பு: எத்தனை கிராம் இரையை வீசலாம், எத்தனை பவுண்டு நரம்பு போடலாம்னு போட்டிருக்கும். 10 பவுண்டுன்னா சுமார் 4.5 கிலோ.

நான் கோட்டை விட்டது நாலாவதுலதான். கம்பு வளைஞ்சு நிமிர்றப்பதான் இரை பறக்கும். 10 முதல் 30 கிராம் வரைக்கும் வீசற கம்புல 3 கிராம் மண்புழுவைக் கட்டினா கம்பு வளையவே வளையாது. அப்புறம் எப்படிப் பறக்கும்?

எந்த மீனுக்கு எந்த ராடு?

1. தக்கை போட்டு கெண்டை, ஜிலேபி: ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ரீலே வேண்டாம். 10 முதல் 15 அடி மூங்கில் கம்பு, இல்லைன்னா மடக்கி நீட்டற டெலஸ்கோப்பிக் கம்பு போதும். நுனி மெலிசா, நல்லா வளையறதா இருக்கணும். சின்ன மீன் வாய்ல முள் கிழியாம நிக்கறதுக்கு அந்த வளைவுதான் காரணம். இரை மண்புழு, இல்லைன்னா மைதா உருண்டை. சில நூறு ரூபாய்ல முடிஞ்சிடும்.

2. அடியில இரை போட்டு கட்லா, ரோகு, பெரிய கெண்டை, கெளுத்தி: இங்க ஈயக்குண்டும் மாவு உருண்டையும் சேர்ந்து 40, 50 கிராம் தாண்டும். 8 முதல் 10 அடி, மீடியம் அல்லது மீடியம் ஹெவி பவர். ஆக்‌ஷன் மட்டும் கொஞ்சம் மெதுவானதா இருக்கட்டும். ரொம்ப விறைப்பான கம்புல வெடுக்குனு வீசினா மாவு வழியிலேயே கழண்டு விழும். பெரிய மீன் இழுத்துக்கிட்டு ஓடும்போதும் அந்த அதிர்ச்சியை வளையற கம்புதான் தாங்கும். 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 15 முதல் 20 பவுண்டு நரம்பு சரியா இருக்கும்.

3. தவளை லூர் போட்டு விரால்: அல்லி, ஆகாயத்தாமரை, கோரை நடுவுல ரப்பர் தவளையை இழுத்துக்கிட்டு வருவோம். விரால் பாய்ஞ்சு கவ்வும். கவ்வின உடனே அது செடிக்குள்ள புகுந்துடும். வெளிய இழுக்கறதுக்கும், தவளையோட முதுகை ஒட்டிப் படிஞ்சிருக்கற ரெட்டை முள் மீன் தாடையில ஏறறதுக்கும் விறைப்பு வேணும். அதனால 6.5 முதல் 7 அடி, மீடியம் ஹெவி அல்லது ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். நரம்பு இழுபடாத பின்னல் நரம்பா, 30 முதல் 50 பவுண்டு. இதுல ஒரு மறைமுகச் செலவு இருக்கு: லூர் செடியில மாட்டி அறுந்துபோகும். அதையும் பட்ஜெட்ல எழுதிக்கோங்க.

4. சின்ன ஸ்பின்னர் போட்டு சின்ன மீன்கள்: 2 முதல் 5 கிராம் எடை. 5 முதல் 6 அடி அல்ட்ரா லைட் அல்லது லைட் ராடு, 1000 சைஸ் ரீல், 4 முதல் 6 பவுண்டு நரம்பு. கையளவு மீன் கூட நல்லா ஆட்டம் காட்டும். இதுல அரைக்கிலோ ஈயக்கட்டியைத் தூக்கிப் பார்க்கறேன்னு ஆரம்பிச்சா நுனி முறிஞ்சுடும்.

"ஒரே ராடுதான் வாங்குவேன்" சொல்றவங்களுக்கு

7 அடி, மீடியம் பவர், ரெண்டு துண்டா கழட்டற ஸ்பின்னிங் ராடு. கூடவே 2500 அல்லது 3000 சைஸ் ரீல். இதை நம்ம ஃப்ளெக்ஸி கேப் ஃபண்ட் மாதிரின்னு வெச்சுக்கோங்க. தக்கையும் போடலாம், லேசான ஈயம் வெச்சு அடியிலயும் போடலாம், செடி அதிகம் இல்லாத இடத்துல சின்ன லூரும் வீசலாம். எதுலயும் நம்பர் ஒன் கிடையாது, ஆனா எதுலயும் உங்களைக் கைவிடாது.

டெலஸ்கோப்பிக் ராடு பைக்ல, பஸ்ல கொண்டுபோக வசதி. ஆனா இணைப்புக்குள்ள மணல் புகுந்தா சிக்கும், துடைச்சு வைக்கணும். ஃபைபர் கிளாஸ் கனமா இருக்கும், கரடுமுரடா பயன்படுத்தினாலும் தாங்கும். கார்பன் லேசா இருக்கும், மீன் தொட்டாக்கூட கைக்குத் தெரியும், ஆனா பாறையில இடிச்சா விரிசல் விடும்.

முக்கியமா ஒண்ணு: கார்பன்ல மின்சாரம் பாயும். ஏரிக்கரைக்கு மேல கரண்ட் கம்பி போற இடத்துல 12 அடி ராடை நிமிர்த்திப் பிடிக்கவே பிடிக்காதீங்க. இடி இடிக்க ஆரம்பிச்சா ராடைக் கீழ போட்டுட்டுக் கரையை விட்டு நகர்ந்துடுங்க. ஈரமா இருந்தா எந்தக் கம்பா இருந்தாலும் இதே ரூல்தான்.

பணக் கணக்கு: மூணு ரூல்

ரூல் 1: மூணு தடவை போயிட்டு வாங்க. மூங்கில் கம்போட, இல்லைன்னா நண்பரோட ராடை இரவல் வாங்கிட்டுப் போங்க. நாலாவது தடவையும் விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்திருக்கத் தோணினா, அப்போ வாங்கலாம்.

ரூல் 2: கடன்ல வேண்டாம். மாசம் 600 ரூபாய் தனியா எடுத்து வைங்க. ஆறு மாசத்துல 3,600. என்னோட ரெண்டாவது செட் அந்த விலைதான். இதுவரைக்கும் 40 தடவை போயிருப்பேன். ஒரு தடவைக்கு 90 ரூபாய். முதல் செட்டோட 1,700-ஐ ஒருமுறை திரும்பிப் பாருங்க!

ரூல் 3: மொத்தச் செலவைப் பாருங்க. நரம்பு, முள், ஈயம், லூர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்ததுதான் விலை. கையில இருக்கற மொத்தக் காசையும் ராடுலயே போட்டுட்டு மட்டமான நரம்பு வாங்கினா, பெரிய மீன் மாட்டற அன்னைக்குப் பார்த்து அது அறும்.

இன்னொண்ணு. நிறைய ஏரி, குளங்கள்ல மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். அது ஒருத்தரோட பிழைப்பு. ஊர்ல கேட்டு, அனுமதி வாங்கிட்டு உட்காருங்க. அறுந்துபோன நரம்பைக் கரையில போடாம சுருட்டி எடுத்துட்டு வாங்க.

போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட என் 7 அடி ராடைக் கொடுத்தேன். கையில தூக்கிப் பார்த்தார், ரெண்டு தடவை வீசினார். "பரவால்ல, ஆனா இந்த எடத்துக்கு மூங்கில் போதும்"னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டார். அன்னைக்கு அவருக்கு ஏழு கெண்டை, எனக்கு ரெண்டு. எனக்கு அந்த ரெண்டே நிறைவா இருந்துச்சு, ஏன்னா இந்தத் தடவை மாசக் கடைசியில கட்ட வேண்டிய தவணை எதுவும் இல்ல.

அதனால நண்பர்களே, கார்ட்ல போட்டு வெச்சிருக்கற அந்த ராடை வாங்கறதுக்கு முன்னாடி அப்பா கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கோங்க. என்ன மீன் பிடிக்கப் போறோம்? பதில் தெரிஞ்சுட்டா நீளம், பவர், விலை எல்லாம் தானா முடிவாகிடும்.