அங்கே அவளுக்கு வயது பதின்மூன்று!

குழந்தைக்குப் போட்ட பூட்டைத் திறக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2020-இல் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் பெண்ணுக்கு ஒரு மடிக்கணினி வாங்கினோம். அதை அவள் கையில் கொடுக்குமுன் 'மைக்ரோஸாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி' என்ற ஏற்பாட்டில் அவளைச் சேர்த்துவிட்டேன். இரவு 9 மணிக்குமேல் கணினி வேலை செய்யாது. நான் குறித்துக் கொடுத்த ஆறு இணையதளங்களைத் தவிர வேறெதுவும் திறக்காது. அப்பாடா, எவ்வளவு நிம்மதி! அந்த அவசரத்தில், அவள் பிறந்த வருஷத்தை 2007 என்பதற்குப் பதிலாக 2012 என்று அடித்துவிட்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் கணினி அலமாரிக்குப் போயிற்று. பூட்டுப் போட்ட ஞாபகமும் அதோடு போயிற்று.

2025-இல் அவள் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது, அதே கணினியைத் தூசி தட்டிக் கொடுத்தனுப்பினேன்.

தீபாவளிக்கு வந்தவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லையோ, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று நான் தவித்தேன். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"எத்தனை தடவை கேட்டேன், அம்மா! முடியாதுன்னாவது ஒரு பதில் போட்டிருக்கலாமே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயம் இதுதான்: நேரம் முடிந்ததும், இன்னும் நேரம் வேண்டுமென்று கேட்கக் கணினியிலேயே ஒரு வழி இருக்கிறது. கேட்டால் பெற்றோருக்குத் தகவல் போகும். போகத்தான் போயிற்று, ஆனால் எங்கே? நான் உத்தியோகத்தை விட்டபின் திறந்தே பாராத பழைய மின்னஞ்சலுக்கு! அன்றிரவு கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து உள்ளே போனேன். 42 விண்ணப்பங்கள். நடுநடுவே, அவள் என்னென்ன பார்த்தாள் என்று வாராவாரம் எனக்கு வந்த அறிக்கைகள் வேறு. ஒரு கட்டுரையைக் கெடுவுக்குள் அனுப்ப முடியாமல் மதிப்பெண்ணும் போயிருந்தது. அம்மா வேண்டுமென்றேதான் மௌனமாயிருக்கிறாள் என்று குழந்தை எண்ணிவிட்டாள்.

"கம்பெனிக்காரனுக்கு எழுது" என்று சொல்லிவிட்டு என் கணவர் பத்திரிகைக்குள் புகுந்துகொண்டார். கம்பெனிக்காரன் என்ன செய்வான்? பூட்டினவள் நான்.

இந்தப் பூட்டு கணினிக்குள் மட்டும் இல்லை, கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணினியை அடியோடு துடைத்துப் புதிதாக ஆரம்பித்தாலும், அதே கணக்கில் நுழைந்தால் பூட்டும் கூடவே வந்து நிற்கும். வயது வந்தவர்கள் குடும்பக் குழுவிலிருந்து தாங்களே விலகிக்கொள்ளலாம். ஆனால், என் புண்ணியத்தில் அங்கே அவளுக்கு வயது 13! ஆகவே நான்தான் என் கணக்கில் நுழைந்து குடும்பப் பக்கத்தைத் திறந்தேன். நேரக் கட்டுப்பாட்டையும் இணையத் தடையையும் நிறுத்தினேன். பிறந்த வருஷத்தைத் திருத்தினோம். பிறகு அவளைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

அப்படியும் கணினி மசியவில்லை. இணையத் தொடர்போடு ஒரு முறை கணக்கைவிட்டு வெளியே வந்து, கணினியை அணைத்துத் திறந்து, மறுபடி நுழைந்த பிறகுதான் வழிக்கு வந்தது. இன்னொன்றும் பாக்கி இருந்தது. அந்தக் கணினிக்கு நிர்வாகி நான்; அவளுடையது சாதாரணக் கணக்கு. புதிதாக ஒரு மென்பொருளை ஏற்றக்கூட என் கடவுச்சொல் வேண்டியிருந்தது. அமைப்புகளில் அதையும் மாற்றினோம்.

ஐஃபோன் வாங்கிக் கொடுத்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஸ்க்ரீன் டைம்' ரகசிய எண் வேறு, ஃபோனைத் திறக்கும் எண் வேறு. முன்னதை எங்காவது எழுதி வையுங்கள். அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலானாலும் சரி!

"அந்த அறிக்கையெல்லாம் படிச்சியா?" என்று ஊருக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

"ஒன்றையும் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்றேன். என் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸாப்பில் அவளிடமிருந்து செய்தி வந்தது: "கட்டுரை அனுப்பிட்டேன். நீ ஏன் இன்னும் தூங்காம முழிச்சுண்டிருக்கே?"