மூக்கடைப்புக்கு எதற்கு ஆண்டிபயாடிக்?

மலேசியாவின் ரவாங்கில் விடியற்காலை அடுக்குத் தும்மலோடு எழுந்திருப்பவரிடம் காரணம் கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும்: கல்குவாரித் தூசி, சிமெண்ட் ஆலை, லாரிப் புகை, இவை போதாதென்று சில வருடங்களுக்கு ஒருமுறை கடல் தாண்டி வரும் புகைமூட்டம். நோயை அவர் சைனஸ் என்பார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ரெஸ்டோங் என்பார். தாமான் கடைவரிசையில் இருக்கும் கிளினிக்குக்குப் போனால் ஆண்டிபயாடிக், சளி மாத்திரை, ஒருநாள் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு மூன்றும் கிடைக்கும். அடுத்த மாதம் அதே தும்மல், அதே கிளினிக். கடந்த அறுபது ஆண்டு மூக்கு ஆராய்ச்சியைப் பார்த்தால் இந்தச் சுற்று ஏன் முடிவதில்லை என்று புரியும். நம் ஊரில் மூக்கைத் தொல்லைப்படுத்துவது பெரும்பாலும் கிருமி அல்ல, மூக்கின் உட்சவ்வு மாதக்கணக்கில் வீங்கிக் கிடப்பது. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு அங்கே வேலை மிகக் குறைவு.

சைனஸ் என்பது முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். கன்னத்தில் இருபுறமும் உள்ளவைதான் பெரியவை. வளர்ந்தவருக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளும். அந்த அறையின் வடிகால் துவாரம் அடியில் இல்லை, மேற்புறத்தில் இருக்கிறது. அகலமும் சில மில்லிமீட்டர்தான். இரண்டு காலில் நிற்கும் உயிருக்கு இதைவிட மோசமான வடிகால் அமைப்பு இருக்க முடியாது. ஆனாலும் அது வேலை செய்கிறது. சவ்வின் மேல் அடர்ந்திருக்கும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து சளிப்படலத்தை மேல்நோக்கித் தள்ளித் துவாரம் வழியாக வெளியேற்றுகின்றன. மூக்கின் முன்பகுதியில் ஒரு சிட்டிகை சாக்கரினை வைத்துவிட்டுக் காத்திருந்தால், நுண்மயிர்கள் நன்றாக இயங்குபவருக்குச் சுமார் 20 நிமிடத்துக்குள் தொண்டையில் இனிப்புத் தட்டும். மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

இது தெரியாத காலத்தில் சைனஸைச் சீழ்க்கட்டியைப் போல நடத்தினார்கள். 1893இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல்லும் 1897இல் பாரிஸின் ஆன்ரி லூக்கும் தனித்தனியே விவரித்த அறுவையில், மேலுதட்டுக்கு அடியில் எலும்பைத் துளைத்து, அறையைச் சுரண்டி, சளி கீழே வழியட்டும் என்று மூக்கின் தாழ்வான பகுதியில் புதுச் சன்னல் ஒன்றைத் திறந்துவிடுவார்கள். பல பத்தாண்டுகள் இதுதான் வழக்கம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் சளி நகரும் பாதையைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. தாழ்வாகத் திறந்த சன்னலைச் சளி சீண்டுவதே இல்லை. அதை ஒதுக்கிவிட்டு, இயற்கையான பழைய துவாரத்துக்கே ஏறிப் போகிறது. ஆக, அந்தத் துவாரத்தைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் அறை அடைபடும். அடைபட்ட அறையில் சளி தேங்கும். தேங்கினால் கிருமி வரலாம், வராமலும் போகலாம். எண்டோஸ்கோப் அறுவை முழுவதும் இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் எழுந்தது. 1985இல் டேவிட் கென்னடி அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பெயர் சூட்டிப் பரப்பினார்.

கிருமி பின்னால் வருவது என்றால் ஆண்டிபயாடிக்குக்கு என்ன வேலை? சாதாரணச் சளிக்காய்ச்சலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் பாக்டீரியா சைனஸ் அழற்சியாக அது முற்றுகிறது, மற்றதெல்லாம் வைரஸ். 2012இல் அமெரிக்காவில் கார்பட் குழுவினர், சைனஸ் அழற்சி என்று மருத்துவர்கள் முடிவுசெய்த 166 பேரில் ஒரு பாதிக்கு அமாக்சிசிலினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் பத்து நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. பத்தாம் நாளும் இல்லை. காக்ரேன் அமைப்பு 2018இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எந்த ஆண்டிபயாடிக்கும் சாப்பிடாதவர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் ஒரு வாரத்தில் குணமாகியிருந்தார்கள். “போன தடவை சாப்பிட்டேன், நாலே நாளில் விட்டுவிட்டதே” என்பது நியாயமான மறுப்புத்தான். ஆனால் சும்மா இருந்தாலும் வாரத்தில் பாதிப்பேரை விட்டுப்போகிற நோயில், அந்த வாரம் எதைச் சாப்பிட்டாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். மருந்து வேண்டியவர்களும் உண்டு: 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு பக்கக் கன்னத்தில் கடும் வலி, சீழ் நிறச் சளி, சற்றுத் தேறிப் பிறகு மறுபடி மோசமாவது என்று அறிகுறிகள் ஒன்றுசேர்ந்து வருகிறவர்கள். சளி மஞ்சளாகிவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

மலேசியாவில் 2014இல் நடந்த தேசிய ஆய்வொன்றின்படி, அரசாங்க கிளினிக்குகளில் நோயாளி வருகைகளில் 6.8 சதவீதத்தில் ஆண்டிபயாடிக் எழுதப்பட்டது; தனியார் கிளினிக்குகளில் 30.8 சதவீதம். மேல் சுவாசத் தொற்றுதான் அதற்கு மிகப் பெரிய காரணம். நம் நாட்டில் தனியார் மருத்துவரே மருந்தும் கொடுத்துக் காசும் வாங்குகிறார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். அதற்காக முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவதும் சரியல்ல. வெறும் உப்புநீரைச் சொல்லி அனுப்பும் மருத்துவரிடம் அடுத்த தடவை யார் போகிறார்கள்?

சரி, வாரங்களில் போகாமல் வருடக்கணக்கில் நிற்கும் தும்மலும் அடைப்பும் எங்கிருந்து வருகின்றன? முதலில் ஒரு களையெடுப்பு. நெற்றியும் கண்ணோரமும் கனத்து வலிப்பதை மட்டும் சைனஸ் என்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ‘சைனஸ் தலைவலி’ என்று வந்த 2,991 பேரில் 88 சதவீதம் பேருக்கு மைக்ரேன் இலக்கணம் பொருந்தியது. அவர்களைக் கழித்துவிட்டால் மிச்சத்தில் பெருங்கூட்டம் ஒவ்வாமை மூக்கழற்சி. அதற்கான சாட்சி நம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. கோலாலம்பூர், ஜாலான் பஹாங்கில் அப்போது இருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1990களின் நடுப்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் 20 வீடுகளின் தூசியைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அதில் 22 வகைத் தூசிப்பூச்சிகள் இருந்தன, ஒரு கிராம் தூசிக்கு ஆயிரக்கணக்கில். கண்ணுக்குத் தெரியாத, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்குமா என்ற அளவிலான எட்டுக்கால் உயிர்கள் இவை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதிளைத் தின்று, தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்பவை. ஆண்டு முழுவதும் எண்பது சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் நிற்கும் இந்தப் பள்ளத்தாக்கில் அவற்றுக்கு என்ன குறை! ஒவ்வாமையைக் கிளப்புவது பூச்சியைவிட அதன் எச்சம். அந்தத் துகள் கனமானது, காற்றில் வெகுநேரம் மிதக்காது; தலையணையைப் புரட்டும்போதும் மெத்தையை உதறும்போதும் எழும்பி மூக்கில் ஏறும். விடியற்காலைத் தும்மலுக்கும் படுக்கைக்கும் உள்ள தொடர்பு இதுதான்.

குவாரித் தூசியைக் குறை சொல்லும் ரவாங்காருக்கு இதில் திருப்தி இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. 1997இலும் 2015இலும் 2019இலும் புகைமூட்டம் வந்தபோது மூக்கும் கண்ணும் எரிந்தது யாருடைய கற்பனையும் அல்ல. 1997இல் கலிபோர்னியாவில் டயஸ்-சான்செஸ் குழுவினர் நடத்திய சோதனை இதைக் கச்சிதமாகக் காட்டுகிறது. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கில் மகரந்தச் சத்தைத் தனியாகவும், டீசல் புகைத் துகளோடு சேர்த்தும் செலுத்திப் பார்த்தார்கள். சேர்த்துச் செலுத்தியபோது ஒவ்வாமை எதிர்ப்புரதம் பல மடங்கு ஏறியது. புகை இங்கே கூட்டாளி. லாரிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி நகராண்மைக் கழகத்திடம் மனுக் கொடுப்பது நியாயமே. ஆனால் சாலையில் ஒரு லாரி ஓடாவிட்டாலும் மெத்தை அங்கேயேதான் இருக்கும்.

அப்படியானால் மெத்தைக்கு உறை போட்டால் தீர்ந்ததா? இங்கேதான் ஆராய்ச்சி கையைப் பிடித்து நிறுத்துகிறது. 2003இல் நெதர்லாந்தில் ஒவ்வாமை மூக்கழற்சி உள்ள 279 பேருக்கு, பூச்சித்துகள் ஊடுருவாத உறைகளையும் போலி உறைகளையும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உண்மையான உறை போட்ட படுக்கைகளில் பூச்சித்துகள் நன்றாகவே குறைந்தது. மூக்கு மட்டும் இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. விலை உயர்ந்த உறையையும் உறிஞ்சுகருவியையும் வீட்டு வாசலில் விற்க வருபவர்கள் இந்த முடிவைச் சொல்லமாட்டார்கள். விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பதில் நஷ்டமில்லை. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உண்மையில் வேலை செய்வது வீங்கிய சவ்விலேயே போய் விழும் மருந்து: மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பு. ஸ்டீராய்டு என்றவுடனேயே பலர் பின்வாங்குகிறார்கள். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி எலும்பு தேய்ந்தவர்களைக் கேள்விப்பட்ட அச்சம் அது. ஆனால் மொமெட்டசோன் தெளிப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இரத்தத்தில் கலக்கிறது. பயன் தெரியாமல் போவதற்குப் பாதி காரணம் பீய்ச்சும் விதம். தலையைப் பின்னால் சாய்த்து, வலக்கையால் வலத் துவாரத்தில் நேரே பீய்ச்சினால் மருந்து நடுத்தண்டில் மோதித் தொண்டைக்கு ஓடிவிடும். சில நாளில் இரத்தமும் கசியும். தலையைச் சற்றுக் குனிந்து, வலத் துவாரத்துக்கு இடக்கையால், முனை அதே பக்கக் காதை நோக்கும்படி பீய்ச்ச வேண்டும். உறிஞ்சக் கூடாது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாகலாம், இடையில் விடவும் கூடாது. சில நிமிடத்தில் அடைப்பைத் திறக்கும் ஆக்சிமெட்டசோலின் இதற்கு நேர் எதிர்: சில நாள் தாண்டினால் அதுவே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

பாட்டி வைத்தியத்துக்கும் பரீட்சை நடந்திருக்கிறது. 2016இல் பிரிட்டனில் 871 நோயாளிகளிடம் ஆவி பிடித்தலையும் உப்புநீரில் மூக்கு கழுவுதலையும் ஒப்பிட்டார்கள். யோகாசனக்காரர்களின் ஜலநேதியாகிய கழுவுதல் மிதமான பலன் தந்தது. ஆவி தலைவலியைச் சற்றுக் குறைத்ததோடு சரி. கொதிக்கும் பாத்திரத்தைப் போர்வைக்குள் வைத்துக் குழந்தையைக் குனிய வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். கழுவும் நீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். 2011இல் லூசியானாவில் குழாய்நீரால் மூக்கு கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள்.

இத்தனைக்கும் அடங்காமல் 12 வாரத்துக்கு மேல் அடைப்பும் மணமின்மையும் நீடித்தால் அது வேறு நோய்: நாட்பட்ட சைனஸ் அழற்சி. அறுவை செய்தாலும் திரும்பி வரும் என்று சொல்பவர்கள், குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்தவர்களின் அனுபவத்தைச் சொல்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனாலும் 2025இல் வெளிவந்த பிரிட்டனின் ‘மேக்ரோ’ ஆய்வு, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் எண்டோஸ்கோப் அறுவையையும் மூன்று மாத ஆண்டிபயாடிக்கையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டபோது, தெளிவாகப் பலன் தந்தது அறுவைதான். ஆண்டிபயாடிக் இங்கேயும் தோற்றது. இன்னொன்று: ஒரே பக்கம் அடைப்பு, சளியில் இரத்தம், ஒரு காது அடைத்தல், கழுத்தில் கட்டி ஆகியவற்றை யாரும் சைனஸ் கணக்கில் எழுதக் கூடாது. நாசித்தொண்டைப் புற்றுநோய் இந்த நாட்டில் சீனர்களிடமும் சரவாக் பிடாயு மக்களிடமும் அதிகம் என்றாலும், மற்றவர்களுக்கு விலக்கு எதுவும் கிடையாது.

ஒவ்வாமையின் வேருக்கே போகும் ஒரு வழியும் இருக்கிறது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன், மகரந்தச் சத்தைச் சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடலைப் பழக்கிக் காட்டினார். இப்போது தூசிப்பூச்சிக்கு நாக்கடி மாத்திரையே வந்துவிட்டது. மூன்று ஆண்டு போட வேண்டும். ஆனால் அந்த மாத்திரையில் இருப்பது டெர்மட்டோஃபகாய்டஸ் பேரினத்தின் இரண்டு பூச்சிகளின் சத்து, மிதவெப்ப நாடுகளின் படுக்கைகளில் கோலோச்சும் வகைகள். கிள்ளான் பள்ளத்தாக்கின் 20 வீடுகளில் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்ததோ புளோமியா டிராபிகாலிஸ் என்ற வெப்பநாட்டுப் பூச்சி. இரண்டாமிடத்தில்தான் டெர்மட்டோஃபகாய்டஸ் வந்தது. ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றதற்கும் பழகிவிடும் என்று சொல்ல முடியாத அளவுக்கு இரண்டின் புரதங்களும் வேறுபட்டவை. ஆகவே ரவாங்கிலிருந்து செலாயாங்குக்கோ சுங்கை பூலோவுக்கோ ஒவ்வாமைச் சோதனைக்குப் போகிறவர், கையில் குத்திப் பார்க்கும் சொட்டுகளில் புளோமியாவும் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாண்டு மாத்திரைக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.