பேய்ப் பாட்டும் பிள்ளைகளும்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும். பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளில் நிற்பவர்கள் மாம்பழங்களை இறைக்க, தெருவே கையை நீட்டி நிற்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்கும் புனிதவதியின் கதை தெரியும். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியவருக்கு இட்டாள். மற்றதைச் சாப்பிட்ட கணவன் ருசி கண்டு இன்னொன்றையும் கேட்டான். அவள் வேண்ட, கையில் ஒரு பழம் வந்தது. கதை இப்படி ஊரெல்லாம் உலவுகிறது. ஆனால் அந்தப் புனிதவதி, காரைக்கால் அம்மையாராகிப் பாடிய பாட்டுகள் அந்த அளவுக்கு வீடுகளுக்குள் வரவில்லை.

அவை அதிகமும் இல்லை. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா, திருஇரட்டை மணிமாலை 20 பாட்டு, திருவாலங்காட்டைப் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22 பாட்டு. எல்லாம் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் 1956-லேயே இவற்றைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. அறிஞர்கள் உரையோடு படிக்கும் இப்பாட்டுகளை ஐந்து வயதுக் குழந்தைக்குப் படித்துக் காட்டலாமா? தாராளமாகக் காட்டலாம். அம்மையார் தேர்ந்துகொண்ட வடிவமே அதற்கு இடம் கொடுக்கிறது.

அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்கும். பேருந்தில் பிள்ளைகள் விளையாடும் பாட்டுக்குப் பாட்டின் விதியும் ஏறக்குறைய இதுதான். அற்புதத் திருவந்தாதியின் முதல் வெண்பாவில், பேச்சு வந்த நாளிலிருந்தே உன்மேல் அன்பு வைத்துவிட்டேன், என் துன்பத்தை எப்போது தீர்ப்பாய் என்று இறைவனையே கேட்கிறார் அம்மையார். ‘இடர்’ என்ற சொல்லில் அது முடிகிறது. இரண்டாவது வெண்பா அதே சொல்லில் தொடங்கி, அவர் தீர்க்காவிட்டாலும் என் அன்பு போகாது என்கிறது. இன்றைக்கு ஒரு வெண்பாவோடு நிறுத்தினால், நாளைக்கு எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்பதைக் குழந்தையே எடுத்துக் கொடுக்கும். போதாததற்கு, வெண்பாவுக்கு இலக்கணம் வகுத்த ஓசை செப்பலோசை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்கிற பேச்சின் போக்கு அதில் இருக்கிறது. ராகம் தெரியாதவரும் வாய்விட்டுச் சொல்லலாம்.

பொருள் புரியாமல் கேட்டு என்ன பயன் என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். தமிழ்க் குழந்தைக்குள்ள ஒரு தனிச் சிரமத்தில் அதற்கான விடை இருக்கிறது. வீட்டில் கேட்கும் தமிழ் வேறு, புத்தகத்தில் வரும் தமிழ் வேறு. ‘வந்துட்டாங்க’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் வகுப்பில் ‘வந்துவிட்டார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. எழுத்தைக் கூட்டவும் வேண்டும், பழகாத மொழியைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். இரண்டு சுமை ஒரே நேரத்தில் ஏறுகிறது. புத்தகத் தமிழ் முன்பே காதுக்குப் பழகியிருந்தால் மிஞ்சுவது எழுத்து மட்டும்தான்.

பேச்சு மட்டும் போதாது என்பதற்கு எண்ணிக்கையிலும் சான்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஹேய்ஸும் ஆரென்ஸும் 1988-இல் ஆங்கிலத்தில் ஒரு கணக்கெடுத்தார்கள். கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள் வந்தன. சிறுவர் புத்தகங்களில் சுமார் 31. நியூசிலாந்தில் வார்விக் எல்லி 1989-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஆசிரியர் கதையை வெறுமனே வாசித்தபோதே, பிள்ளைகள் புதிய சொற்களில் 15 சதவீதம் அளவுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சொல் வரும் இடத்தில் சுருக்கமாக விளக்கியபோது அது 40 சதவீதம் வரை போனது. அவை ஆங்கிலக் கதைகள். அதே எண்ணிக்கையைப் பழந்தமிழ்ச் செய்யுளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் காதால் கேட்பதே கொஞ்சம் கொடுக்கும், நடுவே சொல்லும் சிறு விளக்கம் இன்னும் அதிகம் கொடுக்கும் என்பது எங்கும் நிற்கக்கூடியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆத்திசூடியும் மூதுரையும் நிகண்டும் பிள்ளைகளின் வாய்க்குள் ஏற்றப்பட்டன. நினைவாற்றல் வளர்ந்தது உண்மை. பிரம்பும் கூடவே இருந்தது. படித்துக் காட்டுவது மனப்பாடம் செய்யவைப்பது அல்ல. திருப்பிச் சொல் என்று கேட்கிற நொடியிலேயே அது தேர்வாகிவிடுகிறது. மடியில் உட்கார்ந்து கேட்கும் பிள்ளைக்குத் தேர்வு எதற்கு?

அடுத்த தயக்கம், பேய்கள். மூத்த திருப்பதிகம் வற்றிய உடம்பும் புடைத்த நரம்பும் கொண்ட பேய் மகளிரைக் காட்டுகிறது. சுடுகாடு, நரி, கூகை, எரியும் பிணம், அதன் நடுவே ஆடும் இறைவன். இவற்றை மென்மையாக்கித் தர வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பேய்க்கதை கேட்டு அம்மாவை இறுகப் பிடித்துக்கொள்ளாத தமிழ்க் குழந்தை உண்டா? இங்கே பேயுருக் கொண்ட அம்மையாரே பாடுகிறார், கடவுள் ஆடுகிறார், பாடும் பேயை அவர் ‘அம்மையே’ என்று அழைத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். பயத்துக்குள்ளேயே ஒரு துணை இருக்கிறது. பேய்கள் பிணம் தின்பதைச் சொல்லும் பாட்டுகளைப் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு நிதானம் போதும்.

சிறுபிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு பாட்டும் அப்பதிகத்தில் உண்டு. ஏழிசைகளின் பழைய பெயர்களைச் சொல்லிவிட்டு, மொந்தை, தக்கை, குடமுழா, கொக்கரை என்று வாத்தியங்களை அடுக்குகிறது. பெயரைச் சொன்னாலே தாளம் வந்துவிடும். அகராதியே வேண்டாம், தட்டுவதற்கு ஒரு தகர டப்பா இருந்தால் போதும்.

படிப்பவருக்குக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாக வாங்குவது நல்லது. சேர்த்து எழுதிய செய்யுளைக் குழந்தையின் முன்னால் தடுமாறிப் பிரிப்பது இருவருக்கும் அலுப்பு. முதல் நாள் இரவு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையிடம் முதலில் ஓசைக்காக ஒரு வாசிப்பு, பிறகு இரண்டொரு வாக்கியத்தில் விஷயம், மறுபடி ஒரு வாசிப்பு. பதவுரை சொல்ல ஆரம்பித்தால் பிள்ளை எழுந்து போய்விடும். போனால் விட்டுவிடுவதே மேல்.

கேட்டுப் பழகும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதம் வாசித்துப் பொருள் சொல்வார்கள். வில்லிபுத்தூராரின் விருத்தங்கள் எழுத்தறியாதவர் காதிலும் அப்படித்தான் ஏறின. குழந்தையையே முன்னிறுத்திப் பாடும் பிள்ளைத்தமிழும் எளிய இலக்கியமல்ல. செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாக விரியும் அதைக் கடவுளர் மேலும் பாடினார்கள், நபிகள் நாயகத்தின் மேலும் பாடினார்கள்.

அம்மையாரில் நாட்டமில்லாத வீட்டுக்கும் காரைக்கால் வட்டாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் பாட்டு இருக்கிறது. நகரை ஒட்டிய தருமபுரத்தில் சம்பந்தர் பாடியது யாழ்மூரிப் பதிகம். அது, உடன் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்காமல் போனதும், அவர் யாழையே உடைக்க ஓங்கியதும், சம்பந்தர் தடுத்ததும் பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையான கதை. கதையைச் சொல்லிவிட்டுப் பதிகத்தைப் படித்தால், நாக்கு ஏன் அங்கங்கே திணறுகிறது என்று அவர்களுக்கே விளங்கும். முஸ்லிம் வீடுகளுக்கு உமறுப் புலவரின் சீறாப்புராணம் இருக்கிறது. மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். முதலாவதான விலாதத்துக் காண்டம் நபிகளின் பிறப்பையும் இளமையையும் சொல்வதால் பிள்ளைகளுக்கு அங்கிருந்து தொடங்கலாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விருத்தமாக.