மின்மோட்டரின் முறுக்கமும் எதிர்ப்பின் பொருளும்

இலக்கிய ஆய்விலே ஈடுபட்டுள்ள நாம் 'முரண்பாடு', 'எதிர்ப்பு', 'உந்துவிசை' முதலிய சொற்களை அடிக்கடி கையாளுகிறோம். அவை சுட்டும் பௌதிக மெய்ம்மைகளை அறியாதவிடத்து அச்சொற்கள் வெறும் அணிகளாகிவிடுகின்றன. நேரோட்ட மின்மோட்டரின் முறுக்கத்தை இங்கு விளக்க முற்படுவதற்கு இதுவே காரணமாகும்.

ஒரு பொருளைச் சுழற்ற முனையும் ஆற்றலே முறுக்கம். விசையையும், அது தாக்கும் கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட செங்குத்துத் தூரத்தையும் பெருக்க அது பெறப்படும். காந்தப்புலத்தில் அமைந்த சுருளிலே மின்னோட்டம் பாயும்போது, அதன் இரு பக்கங்களையும் எதிரெதிர்த் திசைகளில் விசைகள் தாக்குகின்றன, சுருள் சுழல்கிறது. அரைச்சுற்றுக்கு ஒருமுறை சுருளின் ஓட்டத்தைத் திசைமாற்றி திருப்பிவிடுவதாற் சுழற்சி ஒரே திசையிலே தொடர்கிறது. புலம் மாறாதிருப்பின், முறுக்கம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதசமமாகும்.

அவ்வாறாயின் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது யாது? வழங்கும் அழுத்தமும் சுருளின் தடையும் மட்டுமே என்பது பொருந்தாது. புலத்திற் சுழலும் சுருள் தானே ஒரு மின்பிறப்பாக்கியுமாகும். 1834இல் லென்சு வகுத்த விதிப்படி, அதிலே தோன்றும் மின்னியக்க விசை தன்னைத் தோற்றுவித்த காரணத்தை எதிர்த்து நிற்கும். இதனையே பின் மின்னியக்க விசை என்பர். 1873இல் வியன்னாக் கண்காட்சியில், கிராமின் மின்பிறப்பாக்கியொன்று மற்றொன்றின் மின்னாலே மோட்டராக இயங்கியமை இவ்வொருமையைக் கண்கூடாக்கிற்று.

சுருளின் தடை 0.5 ஓம், வழங்கும் அழுத்தம் 200 வோல்ற்று, ஓடும்போது மின்னோட்டம் 20 அம்பியர் எனக் கொள்வோம். தடையிலே செலவாவது 10 வோல்ற்று. எஞ்சிய 190 வோல்ற்றும் பின் மின்னியக்க விசையை எதிர்கொள்கிறது. பெறப்படும் 4000 வாற்றில் 3800 வாற்று பொறிமுறை வலுவாகிறது. 200 வாற்று வெப்பமாகிறது. சுமை கூடி இருமடங்கு முறுக்கம் வேண்டப்படின், வேகம் ஏறத்தாழ 5 சதவீதம் தளரும். பின் மின்னியக்க விசை 180 வோல்ற்றாகும். ஓட்டம் 40 அம்பியராகும். சுமையே ஓட்டத்தை வரவழைக்கிறது.

மோட்டர் அசையாது நிற்பின் எதிர்ப்பு இல்லை. ஓட்டம் 400 அம்பியர். முறுக்கம் இருபது மடங்கு. ஆயினும் நடைபெறும் வேலை பூச்சியம்; 80,000 வாற்றும் வெப்பமாகிச் சுருளைக் கருக்கும். தொடக்கத்தில் 4.5 ஓம் தடையைத் தொடராக இணைத்து, ஓட்டத்தை 40 அம்பியருக்குள் அடக்கி, வேகம் ஏறஏற அத்தடையைப் படிப்படியாக நீக்குவது இதனாலேயாகும். இம்முறையை அறியாதவன் ஆளியை மூடினால் இழப்பு பொறிக்கு மட்டுமன்று, அதனருகே நிற்கும் தொழிலாளிக்குமாம்.

எனவே எதிர்ப்பு, வேலைக்குப் புறத்தேயிருந்து வரும் இடையூறன்று. மின்சக்தி வேலையாக மாறுவதே அவ்வெதிர்ப்பின் வழியாகத்தான். ஆனால் இதனைச் சமுதாயத்துக்கு அப்படியே ஏற்றுவது பொறிமுறை வாதமாகும். மோட்டரின் எதிர்ப்பு சமநிலையில் அமைதியுறுகிறது. சமுதாய முரண்பாடோ அமைப்பையே மாற்றவல்லது. இவ்வேறுபாட்டை உணர்தற்கும் பொறியை முதலில் அறிதல் வேண்டும்.